வன்தட்டும் பட்டுக்கரையும்

காஞ்சிமாநகரை நினைப்போர்க்குக் கோயிலும் பட்டும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஏகாம்பரநாதர் கோயிலின் வானளாவிய கோபுரத்தைப் பற்றியும், கயிலாசநாதர் கோயிலின் மணற்கற் சிற்பங்களைப் பற்றியும், வரதராசர் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பற்றியும் அறிஞர் பலர் எழுதியுள்ளனர். பட்டுச் சேலையின் பெருமையும் அவ்வாறே பலரால் பேசப்பட்டது. நாம் இம்மலருக்கு எடுத்துக்கொண்ட பொருளோ இவ்விரண்டிலும் சேராதது போலத் தோன்றும். மடிக்கணினியின் உள்ளே சுழலும் வன்தட்டு, அதாவது ஹார்டு டிஸ்க், தளரத் தொடங்கும்போது அத்தளர்ச்சியை எவ்வாறு கண்டறிவது என்பதே அப்பொருள். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என வினவுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும். காஞ்சிச் சேலையின் கரைகளும் முந்தானைகளும் தறியேறுமுன் தங்கியிருக்கும் இடம் இன்று பல வீடுகளில் இத்தட்டுத்தான்.

ஒரு சேலைக்கரையின் வடிவத்தை நெசவாளர் மனத்தில் மட்டும் வைத்துக்கொண்டு நெய்வதில்லை. வடிவத்தை நினைவில் வைத்திருக்க ஒரு கருவி எக்காலத்தும் இருந்தது. முற்காலத்தில் அடை கட்டி நெய்தனர். எந்த ஊடைக்கு எந்தப் பாவிழை உயரவேண்டும் என்பதைத் தறியின்மேல் கட்டிய நூல்களே சொல்லும். அவற்றை முறையறிந்து இழுத்துக் கொடுக்க நெசவாளருக்குத் துணையாள் ஒருவர் வேண்டும். பின்னர் ஜக்கார்டு வந்தது. 1804-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ஜோசப் மரி ஜக்கார்டு என்பார் அமைத்த அப்பொறியில் வடிவம் துளையிட்ட அட்டைகளில் இருக்கும். துளை இருக்குமிடத்தில் கொக்கி உயரும். துளையில்லா இடத்தில் உயராது. ஊடை ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின்மேல் தொங்கவிட்டால், மிதிக்கும்தோறும் அட்டை ஒன்று நகரும். கரையில் மயிலோ அன்னமோ சிறிது சிறிதாக உருவெடுக்கும்.

ஈண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தல் நன்று. 240 கொக்கி ஜக்கார்டுக்கு 1,000 அட்டை கொண்ட ஒரு கரை எனக் கொள்வோம். துளை உண்டு, இல்லை என்னும் செய்தி 2,40,000 முறை சொல்லப்படுகிறது. கணினி மொழியில் அவ்வளவும் 30,000 பைட்டுகளில் அடங்கும். பெட்டி நிறைய அடுக்கிய அட்டைகள் சொல்லும் செய்தி அவ்வளவே! 500 ஜிபி வன்தட்டு ஒன்றில் இத்தகைய கரைகளை ஒரு கோடியே அறுபத்தாறு இலட்சம் வைக்கலாம். காஞ்சியில் இதுவரை நெய்த கரைகள் அனைத்தையும் வைத்தாலும் இடம் மிஞ்சும் என்றே தோன்றுகிறது.

அட்டைக்கும் வன்தட்டுக்கும் உறவு உண்டு. ஜக்கார்டின் துளையட்டை வழியிலேயே ஹெர்மன் ஹாலரித் என்பவர் 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். அவர் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் ஐபிஎம் எனப் பெயர்பெற்ற நிறுவனத்தோடு கலந்தது. அந்த ஐபிஎம் 1956-ஆம் ஆண்டில் முதல் வன்தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அலுவலகங்களில் மலைபோற் குவிந்த துளையட்டைகளுக்கு மாற்றாகவே அதனைச் செய்தனர். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். ஏறத்தாழ ஒரு டன் எடை. ஐம்பது இலட்சம் எழுத்துகள் கொள்ளும். நம் கணக்கின்படி அப்பெரும் பூதத்துள் 125 கரைகளே அடங்கும். தறியிலிருந்து புறப்பட்ட துளையட்டையின் வேலையை இவ்வாறு தட்டு ஏற்றுக்கொண்டது. பின்னர் அத்தட்டே சிறுத்து, மடியில் அமர்ந்து, காஞ்சியின் தறிவீட்டுக்குள்ளும் வந்து சேர்ந்தது.

முன்பு கட்டம்போட்ட தாளில் வண்ணம் தீட்டி வடிவம் வரைந்தனர். இன்று அதே கட்டங்களைத் திரையில் நிரப்புகின்றனர். திரையில் முடிந்த வடிவத்தைக் கொண்டு அட்டை குத்துகின்றனர். மின்னணு ஜக்கார்டு பூட்டிய தறியாயின் அட்டையும் வேண்டா, பென்டிரைவே போதும். கோர்வை போட்டு உடலையும் கரையையும் இணைக்கும் கைத்திறம் நெசவாளரிடமே இருக்கிறது. ஆயினும் கரையின் வடிவம் இருக்குமிடம் மாறிவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் நமக்கு நெடுநாட் பழக்கமுள்ள வடிவமைப்பாளர் ஒருவர் இருக்கிறார். தறிக்காரர்கள் அவரை 'டிசைன்காரர்' என்றே அழைப்பர். அவருடைய மடிக்கணினியில் பதினான்கு ஆண்டு உழைப்பு இருந்தது. ஏறத்தாழத் தொள்ளாயிரம் கோப்புகள். தாழம்பூ ரேக்கு, மயில்கண், ருத்திராட்சம், கோபுரம், இருதலைப்பட்சி எனக் காஞ்சிக்கே உரிய வடிவங்கள் யாவும் அவற்றுள் அடக்கம். ஒரு மார்கழி மாதத்தில் அக்கணினி தயங்கத் தொடங்கியது. நொடியில் திறந்த கோப்பு நான்கு நிமிடம் எடுத்தது. சுட்டி நடுவழியில் நின்றது. தை முகூர்த்தத்துக்குரிய சேலைகளுக்கு அட்டை வேண்டி நான்கு தறிகள் காத்திருந்தன. தறி நின்றால் நெசவாளர்க்குக் கூலி இல்லை என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அவர் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் கணினியைத் திறந்தும் பாராமல், "விண்டோஸ் மாத்திட்டா சரியாயிடும், ஃபார்மட் பண்ணிடலாம்" என்றாராம். கணினி மெதுவாயிற்று என்றால் ஃபார்மட் என்பது நம்மூரில் காய்ச்சல் என்றவுடன் ஊசி போடுவது போன்ற மருத்துவமாகிவிட்டது. நல்வாய்ப்பாக நண்பர் உடன்படவில்லை. கணினியைத் துணிப்பையில் இட்டு நம் இல்லத்துக்கு வந்தார். "சார், வயசாயிடுச்சுன்னா சொல்லிடுங்க. ஆனா உள்ள இருக்கிறது போச்சுன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றார்.

கணினியின் மந்தத்துக்குக் காரணம் பல. எல்லாப் பழியையும் வன்தட்டின்மேல் சுமத்துதல் முறையன்று. நினைவகம், அதாவது ராம், போதாவிடில் கணினி தன் வேலையைத் தட்டில் எழுதியெழுதி அழிக்கும். அப்போது தட்டு ஓயாது உழைக்கும், எனினும் நோயுற்றதன்று. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும், நச்சுநிரல் தேடும் மென்பொருள் ஓடும்போதும் அவ்வாறே. தட்டு நிரம்பி வழிந்தாலும் வேகம் குறையும். தடங்களை ஓட்டுச்சார்ப்புப் போல ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அடுக்கும் புதுவகைத் தட்டுகள் சில, பெரிய கோப்பை எழுதும்போது மூச்சுவாங்கும். அஃது அவற்றின் பிறவிக்குணம். இவை எல்லாவற்றிலும் மந்தம் பரவலாக இருக்கும். வேலை குறைந்தால் தானும் குறையும்.

நோயுற்ற தட்டின் மந்தம் வேறு வகையினது. அதனை அறியத் தட்டின் உள்ளே நடப்பதைச் சற்று அறிய வேண்டும். மடிக்கணினித் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது விநாடிக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு 11 மில்லிவிநாடி. படிக்கும் தலை தட்டைத் தொடாமல் அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். பட்டுப்புழு நூற்கும் ஒற்றை இழையின் பருமன் ஏறத்தாழப் பத்து மைக்ரோமீட்டர். தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி அதில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. தட்டில் ஓரிடம் பழுதுற்று எழுத்து மங்கினால், தட்டு அவ்விடத்தை விட்டுவிட்டு மேலே செல்லாது. அடுத்த சுற்றில் மீண்டும் படிக்கும். தலையை இம்மியளவு நகர்த்திப் படிக்கும். திருத்தக் குறியீடுகளைக் கொண்டு கூட்டிப் பார்க்கும். ஐந்நூறு முறை முயன்றால் ஐந்தரை விநாடி ஆகிவிடும். அதுவரை கணினி வாய்திறந்து நிற்கும். தட்டின் சுழற்சி சிறிதும் குறைவதில்லை; ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதே நமக்கு மந்தமாகத் தெரிகிறது.

ஆகவே முதற்சோதனை செவியால் ஆவது. தட்டு 'டக், டக்' என ஒரே தாளத்தில் தட்டுமாயின், தலையே இடம் காணாது தடுமாறுகிறது என்று பொருள். அந்நொடியே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மேலும் ஓடவிட்டால் தலை தட்டைச் சுரண்டிவிடும். அதன்பின் தூசியற்ற அறையில் தட்டைப் பிரித்து மீட்கும் வல்லுநர்களாலும் இயலாது போகலாம். நண்பரின் தட்டில் அவ்வொலி இல்லை. சீரான இரைச்சல், இடையிடையே ஒரு முனகல், பின் அமைதி. நமக்குப் பாதி உயிர் வந்தது.

இரண்டாம் சோதனை கண்ணால். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து தட்டின் பக்கத்தைப் பார்த்தோம். வேலை 100 விழுக்காடு. ஆனால் படிக்கும் வேகம் விநாடிக்குச் சில நூறு கேபி. மறுமொழி நேரமோ பல்லாயிரம் மில்லிவிநாடி. நலமுள்ள தட்டு பெருங்கோப்பைப் படிக்கும்போது விநாடிக்கு 80 முதல் 100 எம்பி தரும். மறுமொழி சில பத்து மில்லிவிநாடிக்குள் அடங்கும். முழு உழைப்பும் சிறு பயனும் ஒருங்கே தோன்றினால் நோய் தட்டினிடத்தே என ஐயுறலாம்.

மூன்றாவது, தட்டே தன்னைப் பற்றி எழுதிவைக்கும் நாட்குறிப்பு. ஸ்மார்ட் எனப்படும் இக்குறிப்பைக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் படிக்கலாம். அதில் எண்ணிட்ட வரிகள் பல; நமக்கு வேண்டியவை நான்கே. 5-ஆம் வரி, பழுதான இடங்களை விடுத்து ஒதுக்கிடத்துக்கு மாற்றியவற்றின் தொகை. அறுந்த பாவிழையை முடிந்துகொண்டு நெய்வது போன்றது இது. 197-ஆம் வரி, படிக்க இயலாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் இடங்களின் தொகை. 198, தட்டு தானே சோதித்தும் மீட்க இயலாதவை. 199-ஆம் வரி மட்டும் ஏறியிருந்தால் குற்றம் தட்டினுடையது அன்று. அதனை இணைக்கும் கம்பியோ பொருத்துவாயோ தளர்ந்திருத்தல் கூடும். இதை அறியாமல் நல்ல தட்டைக் குப்பையில் எறிந்தவர் உளர்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அம்மென்பொருள் இவ்வெண்களை நாம் ஏதும் மாற்றாவிடில் பதினாறின் அடிமான முறையில் காட்டும். நண்பரின் தட்டில் 197-ஆம் வரியில் 110 என்றிருந்தது. நம் வழக்கில் அது 272. மஞ்சள் விளக்கும் எச்சரித்தது. இவ்வரியில் எண் சுழியாக இல்லாத தட்டை நாம் நம்புவதில்லை.

எனினும் நாட்குறிப்பு தூய்மையாக இருப்பதாலேயே தட்டு நலம் எனக் கொள்ளலாகாது. கூகுள் நிறுவனத்தார் மூவர் இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மேற்பரப்பைத் துருவும்போது முதற்பிழை காட்டிய தட்டு, பிழை காட்டாத தட்டைவிட அடுத்த 60 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று கண்டனர். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு: வெப்பநிலையை நீக்கிப் பார்த்தால், செத்த தட்டுகளுள் 36 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை எந்த முன்னறிகுறியும் காட்டாமலே செத்தன. ஆகக் குறிப்பு கெட்டது என்றால் நம்புக. நல்லது என்றால் ஐயுறுக.

நண்பர் வினவினார்: "அப்ப எதனால சார் இப்படி ஆச்சு?" முதுமை ஒரு காரணம். அவர் கணினி வைத்திருந்த பலகை, தறி பூட்டிய அதே சுவரில் அடிக்கப்பட்டிருந்தது; ஊடை ஒவ்வொன்றையும் அடித்து நெருக்கும்போது அச்சுவர் அதிரும். 2008-இல் பிரெண்டன் கிரெக் என்னும் பொறியாளர் ஓடிக்கொண்டிருந்த தட்டுகளின் எதிரே நின்று உரக்கக் கத்தி, அவற்றின் மறுமொழி நேரம் உயர்வதை ஒளிப்படமாக்கிக் காட்டினார். ஒருவர் குரலுக்கே தட்டு தடுமாறுமெனில் நாளெல்லாம் விழும் தறியடிக்கு என்ன ஆகும்? இதனாலேயே கெட்டது என்று நாம் உறுதி கூறவில்லை. பலகையை மட்டும் வேறு சுவருக்கு மாற்றச் சொன்னோம்.

நோய் இன்னதென்று தெரிந்தபின் செய்யத்தகாதவை பல. செக்டிஸ்க் என்னும் கட்டளையைப் பழுதிடம் தேடும் குறியோடு ஓட்டுவது பலருடைய பழக்கம். அது தட்டு முழுவதையும் படிக்கும். கோப்பின் அமைப்பைத் திருத்துகிறேன் என்று அறுந்த துண்டுகளை நீக்கவும் செய்யும். நலமுள்ள தட்டுக்கு அது மருந்து. சாகும் தட்டுக்கு நஞ்சு. சிதறிய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் டிஃப்ராக்கும் அத்தகையதே. ஃபார்மட் பற்றிச் சொல்லவே வேண்டா.

தமிழ் பயின்றோர்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஏட்டுச்சுவடி பதிப்பித்த சான்றோர் பட்ட பாடு நாம் அறிந்ததே. கட்டை அவிழ்த்தால் ஓரம் உதிரும், இதழைப் புரட்டினால் துண்டுபடும் என்னும் நிலையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் மனம் நொந்து எழுதியுள்ளார். அத்தகைய ஏட்டை எத்துணை முறை புரட்டலாம்? பாடம் சரியா, பிழையா என்று அதிலேயே ஆராய்ந்துகொண்டிருப்பின் ஏடு பொடியாகும். முதலில் ஒருமுறை பெயர்த்தெழுதிக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சியைப் படியில் வைத்துக்கொள்ளலாம். பழுதான கோயிலைப் பிரித்துக் கட்டும்போது பழஞ்சுவரின் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டிய வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. தளர்ந்த தட்டுக்கும் முறை இதுவே. படிப்பதே அதனைத் தேய்க்கிறது. ஆதலின் முதற்படிப்பு படியெடுப்பதற்கே ஆதல் வேண்டும்.

தட்டைக் கணினியினின்றும் கழற்றி யுஎஸ்பி இணைப்பான் வழியே வேறொரு கணினியில் பூட்டினோம். அக்கணினியை லினக்ஸில் இயக்கினோம். விண்டோஸ் தான் காணும் தட்டையெல்லாம் தானே தொட்டுப் பார்க்கும் பழக்கமுடையது. டிடிரெஸ்கியூ என்னும் இலவச மென்பொருள் இப்பணிக்கென்றே அமைந்தது. முதற்சுற்றில் எளிதிற் படியும் இடங்களை மட்டும் விரைந்து படியெடுக்கும். இடறும் இடம் வந்தால் தாண்டிச் செல்லும். தாண்டியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். நல்லவை யாவும் கரைசேர்ந்த பின்னரே திரும்பிவந்து கடினமான இடங்களில் முயலும். மின்சாரம் போனாலும் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். நாம் கண்ட மென்பொருள்களுள் இத்துணை உலகியல் அறிவு வாய்ந்தது பிறிதில்லை.

மாலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். பத்து மணிக்குள் தட்டின் பெரும்பகுதி வந்துவிட்டது. எஞ்சியவற்றுக்கு விடியும்வரை ஆயிற்று. நண்பர் போகவில்லை, நாற்காலியிலேயே அமர்ந்து திரையின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை, "பாவு புணையறப்போ இப்படித்தான் சார் உக்காந்திருப்போம்" என்றார். விடியற்காலையில் மீளாமல் நின்றவை 4,096 பைட்டு அளவுள்ள பதினேழு துண்டுகள். 500 ஜிபியில் இஃது ஒரு பொருட்டா எனத் தோன்றும். அட்டைக் கணக்கில் அத்தகைய துண்டு ஒன்று 136 அட்டைக்குச் சமம்.

பதினேழில் பதினான்கு வெற்றிடத்திலும் விண்டோஸின் கோப்புகளிலும் விழுந்திருந்தன, அவற்றால் இழப்பில்லை. மூன்று துண்டுகள் மட்டும் வடிவக் கோப்புகள் மூன்றில் விழுந்தன. இரண்டுக்குப் பென்டிரைவில் பழைய படி இருந்தது. மூன்றாவது அன்னப்பட்சிக் கரை. அதன் கோப்பில் தலைப்பகுதியே போனதால் திறக்கவில்லை. அட்டைக்கும் கோப்புக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தில் தெரிகிறது. ஓர் அட்டை கிழிந்தால் ஓர் ஊடை பிழைக்கும், மற்றவை நெய்யும். கோப்பின் தலை போனால் உடல் முழுதும் இருந்தும் மென்பொருள் அடையாளம் காணாது.

அக்கரையின் அட்டைகள் ஐயம்பேட்டையில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பரணில் கிடந்தன. நண்பரும் அவர் மகளும் அவற்றை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக விளக்குக்கு எதிரே பிடித்து, மகள் துளைகளைச் சொல்லச் சொல்ல இவர் திரையில் கட்டம் நிரப்பினார். நான்கு மாலைப் பொழுது பிடித்தது. இரண்டு அட்டைகளைக் கரையான் அரித்திருந்தது. அன்னம் இருபுறமும் ஒத்த வடிவினதாதலின் மறுபாதியைப் பார்த்து அவற்றையும் நிரப்பிவிட்டனர். காத்திருந்த தறிகளுக்கு வேண்டிய அட்டைகள் அதற்கு முன்பே, படியெடுத்த மறுநாளே, குத்தப்பட்டுத் தறியேறின.

படி கைக்கு வந்த பின்னரே அப்பழந்தட்டை நீண்ட சோதனைக்கு உட்படுத்தினோம். பத்து விழுக்காடு தாண்டுமுன் பிழை காட்டி நின்றது. மடிக்கணினியில் இப்போது சுழலாத் தட்டு, அதாவது எஸ்எஸ்டி, பூட்டியிருக்கிறது. கோப்புகள் நொடியில் திறக்கின்றன. தறியடி அதற்கு ஒரு பொருட்டன்று. ஆனால் அது சாகும்போது முனகலும் இராது, முன்மந்தமும் பல நேரங்களில் இராது என்பதை நண்பரிடம் சொல்லிவைத்தோம். அவர் இரண்டு வெளித்தட்டுகளை வாங்கினார். ஒன்று அவர் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மற்றது ஐயம்பேட்டைத் தறிக்காரர் வீட்டில், அன்னப்பட்சி அட்டைகளின் பக்கத்திலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை அட்டை கொடுக்கப் போகும்போது புதுக் கோப்புகளை அதில் ஏற்றிவிட்டு வருகிறார்.